டர்ட் பைக் ஹேண்டிலை நேராகப் பிடித்தால் ஒரு பள்ளத்தில் உட்காருவது போலச் சிக்குகிறது. கோன் செட்டுக்கு (ஹேண்டில் திரும்ப உதவும், ஃபிரேம் கழுத்திலுள்ள பேரிங் தொகுதி) கிரீஸ் வைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், குதித்து இறங்கும் அடியெல்லாம் கப்பில் (ரோலர்கள் உருளும் வெளிவளையம்) ஒரே இடத்தில் விழுகிறது. கிரீஸ் வற்றித் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரோலர்கள் அங்கே வரிவரியாகத் தடம் பதித்துவிடும். அந்தத் தடத்தைக் கிரீஸ் நிரப்பாது. பேரிங்கை இறுக்கும் நட்டைத் தளர்த்தினால் சிக்கல் மறைந்ததுபோல் தெரியும். பதிலுக்கு ஆட்டம் வந்து பேரிங் இன்னும் வேகமாக அடிபடும்.

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடிமுனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டொக்' சத்தம் மட்டும் இருந்து ஹேண்டில் வழவழவென்று திரும்பினால், இறுக்கம் வைத்தாலே சரியாகிவிடலாம். உங்கள் வண்டி அந்த நிலையைத் தாண்டிவிட்டது.

மேலும் கீழும் பேரிங், இரண்டு கப், தூசு சீல் என்று முழு செட்டாக வாங்குங்கள். புது பேரிங்கைப் பழைய கப்பில் உட்கார வைப்பது வீண் வேலை.

பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கட்டி வையுங்கள். சக்கரம், ஹேண்டில்பார், ஃபோர்க், மேல் டி (ஃபோர்க் குழாய்களை மேலே பிடிக்கும் தாங்கி) எல்லாம் கழன்று வந்தபின், அவற்றைக் கீழே பிடிக்கும் கீழ் டியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சரிசெய்யும் நட்டைக் கழற்றுங்கள். கப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து நீளமான பஞ்ச் விட்டு, இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டி இறக்க வேண்டும்.

அடம்பிடிப்பது ஸ்டெம்மில் (கீழ் டியிலிருந்து மேலே நீளும் தண்டு) இறுகியிருக்கும் கீழ் பேரிங்தான். ரோலர்களைப் பிடித்திருக்கும் கூண்டை வெட்டி அவற்றை உதிர்த்துவிட்டு, உள்வளையத்தைச் சிறு கிரைண்டரால் முக்கால் ஆழம் கீறுங்கள். கீறலில் உளி வைத்து ஓங்கி ஒரு தட்டு தட்டினால் வெடித்துக் கழன்றுவிடும். ஸ்டெம்மில் கீறல் விழக்கூடாது.

புதுக் கப்புகளை முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள். பொருத்தும் முன் ஃபிரேம் கழுத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். பழைய கப்பின் வெளிவிளிம்பை ஒரு இடத்தில் அறுத்துவிட்டால் அதுவே நல்ல அடிகட்டை, உள்ளே மாட்டிக்கொள்ளாது. கப் அடியில் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் கணீரென்று மாறும். ஸ்டெம்மில் முதலில் சீல், பிறகு பேரிங். உள்வளையத்தில் மட்டும் படும் குழாயால் இறக்குங்கள், கூண்டில் அடி படக்கூடாது. நீர் தாங்கும் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, மறுபக்கம் பிதுங்கும்வரை ரோலர்களுக்குள் அழுத்துங்கள்.

பலர் தவறுவது இறுக்கத்தில். சரிசெய்யும் நட்டை நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஐந்தாறு முறை திருப்பி ரோலர்களை உட்கார வையுங்கள். பிறகு முழுதாகத் தளர்த்தி, கையால் இறுக்கி, அதற்கு மேல் சுமார் 1/8 சுற்று. மேல் டியை மாட்டியபின், அதன் மேல் நட்டுக்கு உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை அளவு). அதை இறுக்கும்போது மேல் டியின் ஃபோர்க் போல்ட்டுகள் தளர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டி கீழே இறங்காது. மேல் நட்டு பேரிங்கையும் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிடும், ஆகவே கடைசியில் மறுபடி சோதியுங்கள். சக்கரம் தூக்கிய நிலையில் நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் ஃபோர்க் தன் எடையிலேயே ஓரத்துக்குச் சாய வேண்டும். பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம். 'டொக்' கேட்டால் குறைவு.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு கப்புகள் இன்னும் கொஞ்சம் படியும். அன்றே ஆட்டத்தை மறுபடி பாருங்கள்.