பெரியம்மா வீட்டு ஃப்ரிட்ஜும் வெண்கல உருளியும் யாருக்கு?

கேள்வி (சுருக்கம்): கல்லிடைக்குறிச்சியில் இருந்த என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, 2019-ல் காலமானார். பெரியப்பா முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை, உயிலும் இல்லை. வீடு பெரியப்பா வாங்கியது. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரி, மருந்து, சாப்பாடு எல்லாம் பார்த்தது நான். கொள்ளி வைத்ததும் நான். அதன்பின் வீடு பூட்டியே கிடந்தது, சாவி என்னிடம். பின்கட்டு ஓடு சரிந்து மழை இறங்கியதால் 2025 தை மாதம் உள்ளே போய் ஒழித்தேன். வீட்டின் முன்பகுதியான தார்சாவில் காலெடுத்து வைக்க இடமில்லை, அவ்வளவு சாமான். ஒரு கெல்வினேட்டர், ஒரு ஆல்வின் என இரண்டு பழைய ஃப்ரிட்ஜ். சாமான் வைக்கும் உள்ளறையான அரங்குவீட்டில் உருளி, தவலை, குத்துப்போணி, கல்சட்டி. ஆல்வினைச் சரிசெய்து, பாதி ஏனங்களோடு (பாத்திரங்களோடு) வெளியூர் வியாபாரி ஒருவருக்கு 62,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். மீதி என் ஷெட்டில் இருக்கிறது. முகநூலில் நான் போட்ட படங்களைப் பார்த்து, பெரியப்பாவின் தம்பி மகன் மும்பையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். போலீஸிலும் புகார், 40 பவுன் நகையும் போனதாக எழுதியிருக்கிறார். அங்கே நகையே கிடையாது. சாவுக்குக்கூட வராதவர்கள் இவர்கள். ஏனங்களில் வெட்டியிருப்பது என் தாத்தாவின் பெயர். பெரியப்பாவின் அக்கா மட்டும் கடையத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவதூறு வழக்குப் போடலாமா? நான் செய்த செலவைக் கேட்கலாமா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி. அதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: பெரியப்பாவின் அக்கா கடையத்தில் உயிரோடு இருக்கிறார்.

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. பிள்ளைகள் இல்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், பிரிவு 15-ன்படி சொத்து கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர் பிறந்த வீட்டு ஆட்களின் முறை அதற்கும் பிறகுதான். நீங்கள் அக்காள் தங்கச்சி வழியில் வருகிறீர்கள். கணவன் பக்கத்தில் ஒரு வாரிசு இருக்கும்வரை உங்களுக்கு அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடக் கிடையாது. பார்த்துக்கொண்டதும் கொள்ளி வைத்ததும் உங்கள் மனசுக்குப் பெரிது, எனக்கும் அது புரிகிறது. ஆனால் வாரிசுரிமை அதனால் வராது. 2009-ல் உச்ச நீதிமன்றம் முடித்த ஓம் பிரகாஷ் – ராதாசரண் வழக்கைப் பாருங்கள். கல்யாணமான சில மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, பிறந்த வீட்டாரால் படித்து வேலைக்குப் போன பெண் அவர். அவர் தன் கையால் சம்பாதித்த பணமே கணவனின் அக்காள் தங்கச்சி பிள்ளைகளுக்குத்தான் போனது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். உங்கள் கதை அதைவிட வலுவானது அல்ல.

சரி, தாத்தா பெயர் வெட்டிய ஏனங்கள்? நம் பக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. பெண்ணுக்குத் தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, பிள்ளைகள் இல்லாவிட்டால் தகப்பன் வழிக்குத் திரும்பும் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது வாரிசாக வந்ததற்கு மட்டும். சீர்வரிசையாகக் கொடுத்த உருளியும் தவலையும் அன்பளிப்பு. கொடுத்த அன்றே அவை பெரியம்மாவுக்குச் சொந்தமாகிவிட்டன. விளிம்பில் புள்ளி புள்ளியாகத் தாத்தாவின் இனிஷியல் இருப்பது, எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காட்டும். யாருக்குப் போகும் என்பதை அல்ல. அதைப் போலீஸில் காட்டி வாதாடினால், பெரியம்மாவின் பொருளை எடுத்ததை நீங்களே நிரூபித்துக் கொடுத்ததாக ஆகும்.

இனி மும்பைக்காரர். அவர் நோட்டீஸில் 'சட்டப்படியான வாரிசு' என்று போட்டுக்கொண்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெரியப்பா, பெரியம்மாவுக்கு அடுத்த நொடி இறந்ததாக வைத்துக்கொண்டு வாரிசுகளைத் தேட வேண்டும் என்பது பிரிவு 16-ன் விதி. அந்த வரிசையில் அண்ணன் தம்பியும் அக்காள் தங்கச்சியும் முன்னால். அவர்களுடைய பிள்ளைகள் பின்னால். முன்னால் ஒருவர் இருந்தால் பின்னால் இருப்பவருக்கு எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே: அந்த மும்பைக்காரரின் அப்பா எந்தத் தேதியில் இறந்தார்? பெரியம்மாவுக்கு முன் இறந்திருந்தால், மகனுக்கு இந்த வீட்டிலும் சாமானிலும் கால் காசு உரிமை கிடையாது; அப்போது வேறு உடன்பிறந்தவர்கள் உயிரோடு இல்லை என்றால் எல்லாம் கடையத்து அம்மாளுக்கு. பெரியம்மாவுக்குப் பின் இறந்திருந்தால், தம்பிக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதி. தம்பியின் பாதி அவருடைய மனைவி, மக்கள் எல்லோருக்கும் பிரியும். அப்போதும் மகன் தனியாக முழுசும் கேட்க முடியாது. இரண்டு இறப்புச் சான்றிதழ்களை அருகருகே வைத்தால் முடிந்துவிடும் விஷயம் இது.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், என்னிடம் வருகிற கட்சிக்காரர்கள் விழுகிற குழி இங்கேதான் இருக்கிறது. சத்தம் போடுகிறவரைப் பார்த்துப் பயந்து அவரிடமே சமாதானம் ஆகிவிடுவார்கள். ரூபாயையும் கொடுத்து, சாமானையும் வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து உண்மையான வாரிசின் மகள் வருவாள், "எங்கள் அம்மாவின் பொருளை நீ யாரைக் கேட்டு அவனுக்குக் கொடுத்தாய்?" என்று. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது, வந்தவருக்குப் பதில் சொல்லவும் முடியாது. கடையத்து அம்மாள் படுத்த படுக்கையாக இருப்பதால் அவரை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பொருளை ஒப்படைக்கும் பத்திரத்தில் முதல் கையெழுத்து அவருடையது. கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைரேகை, பக்கத்தில் அவருடைய பிள்ளைகள் சாட்சி. சுயநினைவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்துவரும் டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, குற்ற வழக்கு. இறந்தவரின் கைவசம் இருந்து, உரியவர் கைக்கு இன்னும் போகாத பொருளை நேர்மையின்றி எடுத்துக்கொள்வது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 315-ல் தனிக் குற்றம். 3 வருடம் வரை சிறை. வீட்டுக்குள் திருட்டு என்று எழுதினால் பிரிவு 305, 7 வருடம் வரை. உரிமை இருக்கிறது என்று உண்மையாகவே நம்பி எடுத்தவன் திருடன் அல்ல. இது உங்களுக்கு நல்ல எதிர்வாதம். ஆனால் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளோடு அது தேய ஆரம்பித்துவிட்டது. இனி ஒரு செம்பை விற்றாலும் "நம்பித்தான் விற்றேன்" என்று சொல்ல வாய் வராது.

நகைப் புகார்தான் உங்களுக்கு மிகக் கெட்டது. நீங்கள் எடுத்த உருளி உங்களைச் சிறைக்கு அனுப்பும் என்று நான் நினைக்கவில்லை. இல்லாத 40 பவுன்தான் இழுத்தடிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் தனி ஆளாகத் திறந்து, பட்டியல் போடாமல், சாட்சி வைக்காமல் ஒழித்திருக்கிறீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல இன்றைக்கு உங்களைத் தவிர ஆள் இல்லை. அதனால்தான் அந்த முகநூல் படங்களை அழிக்கக் கூடாது என்கிறேன். அவை உங்களுக்கு எதிரான ஆதாரம்தான். ஆனால் ஒளித்து வைத்தவன் ஊருக்குப் படம் போட மாட்டான் என்று சொல்ல உங்களிடம் இருப்பதும் அவைதான். அழித்தால் ஆதாரத்தை மறைத்த குற்றம் வேறு சேரும். செல்போனையும் மாற்ற வேண்டாம். ஒழிக்கும்போது கூலிக்கு ஆள் வைத்திருந்தால் பெயரை எழுதி வையுங்கள். நகை இருந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆட்கள் அவர்கள்.

வாங்கிய வியாபாரிக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை போகாது. 1930-ம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம் பிரிவு 27. போலீஸ் அவர் கடை வாசலில் போய் நின்ற பிறகு அவர் உங்களுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். இப்போதே பேசி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பொருளை வாங்க முடியுமானால் வாங்கிவிடுங்கள்.

ஷெட்டில் நிற்கும் கெல்வினேட்டர். கைப்பிடியை இழுத்தால் 'டக்'கென்று கொக்கி விடுகிற பழைய மாடல் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஒளிந்து விளையாடுகிற பிள்ளை உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால்தான் உள்ளிருந்து திறக்கும்படி கதவு செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-லேயே சட்டம் போட்டார்கள். இன்றைக்கே கதவுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் திருப்பி, கயிறு போட்டுக் கட்டுங்கள். யாருடைய பொருள் என்பது அப்புறம். உங்கள் இடத்தில் ஒரு உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் என்ற வழக்கு உங்கள் மேல்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் குழாயை அறுக்கவும் வேண்டாம். குழாயிலிருந்து வெளியேறும் அந்தக் காலத்து வாயு ஓசோனைக் கெடுப்பது, பொருளின் மதிப்பும் போய்விடும்.

மச்சில் ஏட்டுச்சுவடிக் கட்டு கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடவே வேண்டாம். 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடி தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடலாம். ஏனம் விற்கிற மாதிரி விற்கிற பொருள் அல்ல.

அவதூறு வழக்கு, செலவுக் கணக்கு இரண்டையும் மடித்து வையுங்கள். கேட்காமல், ஒப்பந்தம் இல்லாமல், பாசத்தில் செய்த செலவை வழக்குப் போட்டு வாங்குவது மிகக் கடினம். ஆனால் ஆஸ்பத்திரி பில்களையும் காரியச் செலவுக் கணக்கையும் கிழிக்காதீர்கள். பேச்சு நடக்கும்போது மேஜை மேல் வைத்தால், 62,000-ல் எவ்வளவு உங்களிடம் நிற்கலாம் என்று கேட்க அவை உதவும். கடையத்து அம்மாளுக்கு நீங்கள் செய்தது தெரியும் என்று நினைக்கிறேன்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள், அதுவும் இப்போதே. இன்னும் எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கிறது என்றால் அது உங்கள் நல்ல நேரம். பிரிவு 305-ல் வழக்குப் பதிவாகிவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் கைகுலுக்கினாலும் முடியாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் வழக்கை ரத்து செய்து வாங்க வேண்டும். அந்த அலைச்சலும் செலவும் உருளி, தவலை மொத்தத்தின் விலையைத் தாண்டிவிடும்.

ஒப்படைப்புப் பத்திரத்தை ஸ்டேஷன் மேஜையில் வைத்து எழுதாதீர்கள். அங்கே அவசரத்தில் "எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிறேன், மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதச் சொல்வார்கள். எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுத்த அந்த வரி பிறகு நீதிமன்றத்தில் வந்து நிற்கும். வக்கீலை வைத்து வெளியில் எழுதுங்கள். உரிமை இருப்பதாக நம்பி எடுத்தேன், விற்றது இன்னது, மீதி இன்னது, தொகை இவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி. ஒவ்வொரு ஏனமும் எடையோடு, படத்தோடு. நகை எதுவும் இவர் கையில் இல்லை, அந்தப் புகாரை வலியுறுத்தவில்லை என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாக்கியம் இல்லாத பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

வீட்டுச் சாவியையும் அதே பத்திரத்தில் சேர்த்து ஒப்படைத்துவிடுங்கள். அதுவரை ஓடு முழுசாகச் சரிந்தாலும் உள்ளே காலடி வைக்க வேண்டாம். சரிந்திருக்கிறது என்று வாரிசுகளுக்குப் பதிவுத் தபாலில் எழுதினால் போதும். இடையில் விசாரணைக்கு வரச்சொல்லி குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 35(3)-ன்படி நோட்டீஸ் வந்தால், குறிப்பிட்ட நாளில் வக்கீலோடு போய்விடுங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணமாகும்.