பீகார் மாதிரி கிராமப்புற மாநிலத்தில் கட்டுமானத் துறை வேகமாக வளர்வது உண்மையான பொருளாதார வளர்ச்சியா?

வளர்ச்சிதான், ஆனால் அரைகுறை வளர்ச்சி என்பேன். கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன், தினமும் பீகார் தொழிலாளர்களோடுதான் பொழுது போகிறது.

2011 கணக்கெடுப்பின்படி அங்கே 100 பேரில் சுமார் 89 பேர் கிராமவாசிகள். 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது சுரங்கங்களும், ஜாம்ஷெட்பூர், பொகாரோ உருக்காலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. பிறகு, 2005க்கு மேல் அரசு சாலை, பாலம் என்று பணத்தை இறக்கியதும் கட்டுமானம் கிடுகிடுவென வளர்ந்தது.

அந்தச் செலவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்னாவையும் ஹாஜிபூரையும் இணைக்கும் மகாத்மா காந்தி சேதுவைப் பாருங்கள். 1982இல் திறந்த பாலம், ஐந்தரை கிலோமீட்டர் நீளம். மேல்பகுதி பழுதாகி, பல வருடம் அதில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. ஹாஜிபூர் வாழைப்பழத்துக்குப் பேர்போன ஊர். பழ லாரி வெயிலில் நின்றால் யார் தலையில் விடியும்? விவசாயி தலையில்தான். கான்கிரீட்டை எடுத்துவிட்டு எஃகில் மாற்றி, 2022இல் முழுதாகத் திறந்தார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு எவ்வளவு கொட்டினாலும் தகும்.

சிக்கல் என்னவென்றால், போட்ட பணம் ஊரில் தங்குவதில்லை. கம்பிக்கான காசு பெரும்பாலும் வெளி மாநிலத்துக்குப் போகிறது. சோன் ஆற்று மணல், செங்கல் சூளை, கூலி, இவைதான் உள்ளூருக்கு மிச்சம். அதிலும் மழை வந்தால் சூளை நின்றுவிடும், சாலை முடிந்தால் கூலியும் முடிந்துவிடும். கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் நன்றாகத் தெரிந்த பையன்கள் ரயிலேறி இங்கே வருவது அதனால்தான்.

அப்புறம் தரம். 2024 ஜூன், ஜூலையில் மட்டும் அங்கே பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் இடிந்தன. இடிந்ததைத் திரும்பக் கட்டினாலும் அது உற்பத்திக் கணக்கில் வளர்ச்சியாகத்தான் ஏறும்! அதனால் வெறும் சதவீதத்தை நான் நம்புவதில்லை.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்றுதான் பார்ப்பேன். 1996இல் சட்டமாகி இன்றும் தொடரும் முறைப்படி, கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தொழிலாளர் நலவரியாக வசூலாகிறது. 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளலாம். ஆனால் மேஸ்திரி கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போகிற சித்தாளுக்கு அந்த 90 நாளுக்கு யார் கையெழுத்துப் போடுவது? பணம் பெட்டியில் இருந்தும் பல பேருக்குப் போய்ச் சேராததற்கு இது ஒரு பெரிய காரணம்.