நிற்கிற அந்த நொடியில் ஹாரன் அடிக்கிறதா?

கேள்வி: என்னுடைய 110 சிசி ஸ்கூட்டர் சமவெளியில் நன்றாக ஓடுகிறது. மலை ஏறும்போது மட்டும் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தும் பிடிபடவில்லை. என்ன கோளாறாக இருக்கும்?

முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். வண்டி நிற்கிற அந்த நொடியில் ஹாரன் அடிக்கிறதா? இதைப் பார்க்காமல் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கழற்ற யார் வந்தாலும் விடாதீர்கள்.

வண்டி எந்த ஆண்டு வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள் என்பதால், பிளக் மாற்றியிருப்பார்கள், ஏர் ஃபில்டர் மாற்றியிருப்பார்கள், கார்புரேட்டரைக் கழுவியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மலையில் நிற்கிறது என்று சொன்னதும் எல்லோருடைய கையும் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கொடைக்கானல் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்து வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் பெட்ரோலை அதே கணக்கில் குறைக்காது. கலவையில் பெட்ரோல் மிகுந்து, பிளக் கரி பிடிக்கும், வண்டி சோர்ந்து இழுக்கும், பெட்ரோல் நாற்றம் வரும். ஆனால் இவை எல்லாம் வண்டியை மெல்ல மெல்லச் சோர வைக்கிற கோளாறுகள். நீங்கள் எழுதியிருப்பது "திடீரென்று". அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்ல, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் வீடு. பண்ணைக்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம், நடுவில் பனிமூட்டமும் சாரலும். என் வண்டி பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முன் வாங்கிய கார்புரேட்டர் வண்டி. அதுவும் உங்கள் வண்டியைப் போலவே ஏற்றத்தில் மட்டும் நின்றது. இறக்கத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. நான் காட்டிய பட்டறையில் வரிசையாகப் பிளக், பிளக் கேப், சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்பெட்டி), கடைசியில் பேட்டரி என்று மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பட்டறைக்கு எதிரே உள்ள நேரான சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "அருமையாகப் போகிறது அக்கா" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள். நேரான சாலையில் அது எப்போதுமே அருமையாகத்தான் போயிற்று.

"இடப்பக்கம் திரும்பும் வளைவில்தான் தம்பி நிற்கிறது" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். "வண்டிக்கு இடது வலது தெரியுமா அக்கா? சோக்கைப் போட்டபடியே ஓட்டுகிறீர்களோ என்னவோ. வீட்டில் அண்ணன் இருந்தால் வரச்சொல்லுங்கள், அவரிடம் விவரமாகச் சொல்கிறேன்." அந்த அண்ணனுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பட்டறைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வண்டிக்கு இடது வலது நன்றாகவே தெரியும். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு நமக்கு வெளிவட்டம், அகலமாகச் சுற்றிப் போகலாம். இடப்பக்கம் திரும்புவது உள்வட்டம். குறுகலாக இருக்கும், செங்குத்தாக இருக்கும், வேகம் அடியோடு குறைந்துவிடும், ஹேண்டிலை நன்றாக ஒடித்தாக வேண்டும். சமவெளியில் ஓடுகிற வண்டியில் ஹேண்டிலை அவ்வளவு திருப்புகிற சந்தர்ப்பம் எங்கே வருகிறது?

வளைவில் ஹாரன் அடிப்பது மலையில் ஓட்டுகிறவர்களுக்குக் கைப்பழக்கம். ஒரு நாள் மாலை, ஊத்து என்ற ஊரைத் தாண்டி ஏறும்போது, இடப்பக்க வளைவு ஒன்றில் ஹாரனை அழுத்தியபடியே ஹேண்டிலை ஒடித்தேன். ஒலி பாதியில் அறுந்தது. அதே நொடியில் இன்ஜினும் அணைந்தது. கால் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து, மறுபடி ஹாரனை அழுத்தினேன், சத்தமே இல்லை. ஹேண்டிலை நேராக்கினேன். சத்தம் வந்தது. செல்ஃப் போட்டதும் வண்டி கிளம்பியது.

பெட்ரோல் தீர்ந்தாலோ அடைத்துக்கொண்டாலோ ஹாரன் ஏன் நிற்க வேண்டும்? ஹாரனும் இன்ஜினும் ஒன்றாகப் போகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் வருகிற இடத்தில் கோளாறு. என் வண்டியில் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகச் சாவித் துவாரத்துக்குப் போகிற மின்சாரம், அங்கிருந்துதான் ஹாரன், இண்டிகேட்டர், சிடிஐ மூன்றுக்கும் பிரிகிறது. ஹெட்லைட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் இன்ஜின் சுற்றுவதால் மட்டுமே வருகிறது. எந்தக் காரணத்தால் இன்ஜின் நின்றாலும் விளக்கும் அணையும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

இறக்கத்தில் ஏன் நிற்கவில்லை என்பது அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. இறங்கும்போது பின்சக்கரம் உருள்கிற வேகத்தில் கிளட்ச் பிடித்தபடியே இருக்கிறது, சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. ஒரு நொடி மின்சாரம் அறுந்து திரும்பி வந்தால் இன்ஜின் தானாகப் பற்றிக்கொள்கிறது, நமக்குத் தெரிவதுகூட இல்லை. ஏற்றத்தில் அந்த ஒரு நொடியிலேயே சுற்று குறைந்து கிளட்ச் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான், செத்தது. ஆகவே "ஏறும்போது மட்டும்" என்றாலே அது காற்றின் குற்றம் என்று முடிவு கட்டத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து மெயின் ஸ்டாண்டு போட்டேன். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஹேண்டிலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு மெதுவாகத் திருப்பினேன். இடக்கோடியை நெருங்கும்போது அணைந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் அணைந்தது. பக்கத்து வீட்டு வயர்மேன் அண்ணனிடம் மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டு, முன்பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினேன். சாவித் துவாரத்தின் பின்னால் வயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் கப்ளர் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஹேண்டிலுக்கு ஏறுகிற வயர் கட்டையும் அந்தக் கப்ளரையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பட்டியால் யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஹேண்டில் இடப்பக்கம் போகும் போதெல்லாம் வயர் கட்டு கப்ளரை இழுக்கிறது, இழுத்து இழுத்து உள்ளே ஒரு பின் தளர்ந்துவிட்டது.

அந்த "யாரோ" யார் என்பதும் தெரிந்தது. மதுரையில் இருக்கும் என் அக்கா மகன் மே மாதம் வந்திருந்தபோது, "சித்தி, உங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கீழே எங்கேயோ வண்டியைக் கொண்டுபோய் ஹேண்டிலில் மொபைல் சார்ஜர் பொருத்திக்கொண்டு வந்தான். அந்தச் சார்ஜரில் நான் ஒரு நாளும் சார்ஜ் போட்டதில்லை.

மே மாதம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மலையில் வீடு இருக்கிறவர்கள் எல்லோரும் விடுதி நடத்துகிறோம் என்று சமவெளி உறவினர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்று செய்தி வந்த அன்றே தொலைபேசி ஒலிக்கும். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று வந்தபோது கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். "நீ அங்கேதானே இருக்கிறாய், எங்களுக்கும் சேர்த்து இ-பாஸ் எடுத்துவிடு" என்கிறார்கள். வந்தால் என் படுக்கை அறை அவர்களுக்கு, என் வண்டி அவர்கள் பிள்ளைகளுக்கு. டேங்கைக் காலி செய்துவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். போகும்போது, "உனக்கு என்னப்பா, ஏசி இல்லாமலே குளிர்" என்று ஒரு வாழ்த்து வேறு.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன்.

வளைவுக்கு நடுவில் நின்று சோதனை செய்யாதீர்கள். வண்டி நின்றதும் ஹாரனை மட்டும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு ஓரம் ஒதுங்குங்கள். இருட்டிவிட்டால் அதுகூட வேண்டாம். இந்தப் பக்கம் காட்டுமாடுகள் சாலைக்கு வருகிற நேரம் அது. ஹேண்டில் சோதனையை வீட்டில் செய்தால் போதும். அதில் அணைந்தால் களிம்பைச் சுரண்டி எடுத்து, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடித்து, தளர்ந்த பின்னைச் சற்று நெருக்கி மாட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் (−) முனை வயரை முதலில் கழற்றிவிட்டுத்தான் கப்ளரில் கை வைக்க வேண்டும். ஹேண்டில் இரு கோடிக்கும் போகிற அளவுக்கு வயரில் தளர்வு விட்டுக் கட்டுங்கள். எனக்குச் செலவு ஸ்பிரேக்கு மட்டும்தான் ஆயிற்று.

வண்டி நின்ற பிறகும் ஹாரன் நன்றாக அடிக்கிறது என்றால் என் கதை உங்களுக்கு உதவாது. உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், அதன் பிறகு வண்டி கிளம்பினால் மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. அதுவும் இல்லையா, மூடியை இறுக்கிவிட்டுப் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, திருகுப் பகுதி இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துச் செல்ஃப் போடுங்கள். கேப்பைக் கையால் பிடிக்க வேண்டாம், பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நீலப் பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் தேடுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், இங்கே மழையிலும் பனிமூட்டத்திலும் அது நடக்கும். பொறி வராமல், இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் வந்தால் பொறிக்கு மின்சாரம் தருகிற இக்னிஷன் காயிலோ, பொறிக்கு நேரம் சொல்லும் பிக்கப் காயிலோ சூட்டில் செயலிழக்கிறது. அந்தக் கோளாறு வளைவு, நேர்ச்சாலை என்று பார்க்காது, நீண்ட ஏற்றத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டியாக இருந்தால் அதில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். காற்றழுத்தக் குறைவுக்கு ஏற்பப் பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்ளும், எனவே மலைக்காற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகுகிறதா என்று கேளுங்கள். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டியானால் அதில் சேறு புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், குலுங்கும்போது அதுவே இன்ஜினை அணைத்துவிடும்.

பேட்டரியே இல்லாமல் கிக்கரில் ஓடுகிற வண்டிகள் உண்டே, ஹாரனை வைத்து எப்படிச் சொல்வது என்று ஒருவர் கட்டாயம் வருவார். உண்டு. ஏசி சிடிஐ வைத்த பழைய வண்டிகளில் இன்ஜினுக்கு மின்சாரம் தனி வழியில் வருகிறது, அங்கே ஹாரன் கணக்கு செல்லாது. கேட்டவர் வைத்திருப்பது அப்படிப்பட்ட வண்டியானால் சொல்லட்டும், வேறு வழி பார்க்கலாம்.

மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் என் பழைய சிடிஐயையும் பிளக் கேப்பையும் கேட்டு வாங்கி வந்து மாட்டிப் பார்த்தேன், இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன, இப்போதும் வண்டியில் அவைதான் இருக்கின்றன. புதியவை பெட்டியில் கிடக்கின்றன. பேட்டரியை மட்டும் பழைய விலைக்கு எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள். பஞ்சருக்கு நான் இன்னும் அங்கேதான் போகிறேன், பஞ்சர் நன்றாகப் போடுவார்.