லாவெண்டரில் வந்தால்தான் சாப்பாடா?

கேள்வி: என் கணவரின் அலுவலக நண்பர், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அழைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில், ‘அனைவரும் லாவெண்டர் நிற உடையில் வரவும்’ என்று போட்டிருக்கிறது. என்னிடமோ பிள்ளைகளிடமோ அந்த நிறத்தில் ஒரு துணியும் இல்லை. போன மாதம்தான் ஒரு வளைகாப்புக்காக எல்லோருக்கும் பச்சையில் எடுத்தோம். ‘வாங்கித் தொலை, எதற்கு வம்பு’ என்கிறார் கணவர். மாமியார், ‘நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள்’ என்று ஒதுங்கிவிட்டார். எங்கள் அடுக்ககத்தில் நவராத்திரிக்கு நாங்கள் நாளுக்கு ஒரு நிறம் வைத்தபோது இப்படி யாருமே குறை சொன்னதில்லை. வேறு நிறத்தில் போனால் அவமரியாதையா? உடம்பு சரியில்லை என்று சொல்லித் தவிர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பொய் வேண்டாம். திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்த நண்பர், ‘வீட்டில் இப்போது தேவலையா?’ என்று விசாரிக்கும்போது உங்கள் கணவர் திருதிருவென்று விழிப்பார். இருக்கிற நல்ல துணியை உடுத்திக்கொண்டு போங்கள். புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

இந்த நிறக் கட்டளை யாருக்காக என்று முதலில் பாருங்கள். பலூன், கேக், மேடைத் திரை எல்லாம் ஒரே நிறத்தில் சொல்லியாகிவிட்டது. படம் எடுக்கும்போது நடுவில் ஒருவர் கிளிப்பச்சையில் நின்றால் உறுத்தும். ஆக, அலங்காரப் பொருள்களின் பட்டியலில் விருந்தாளியையும் சேர்த்துவிட்டார்கள். பலூனுக்குப் பணம் கொடுத்தது அழைத்தவர். உங்களுக்கு மட்டும் சொந்தச் செலவு.

நிறம் கேட்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 1988-ல் பாரிஸில் பிரான்சுவா பாஸ்கியே என்பவர் நண்பர்களைப் பூலோன் வனத்துக்கு விருந்துக்கு அழைத்தார். பொது இடம், பெரிய பூங்கா. ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள எல்லோரையும் வெள்ளையில் வரச் சொன்னார். அது ஊர் ஊராகப் பரவி, ‘வெள்ளை விருந்து’ என்று இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவர் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மண்டபத்து வாசலில் பெயர்ப் பலகையும் அழைப்பிதழில் கூகுள் மேப்பும் இருக்கும்போது உங்கள் நண்பருக்கு என்ன காரணம்? நம் கல்யாண வீடுகளிலும் நாத்தனார்கள், ஓரகத்திகள் என்று வரிசையாக ஒரே மாதிரிப் புடவையில் நிற்பார்கள்தான். ஆனால், அந்தப் புடவைகளை எடுத்துக் கொடுப்பது கல்யாண வீட்டார். ஒரே மாதிரி உடுத்தச் சொல்கிறவர் எடுத்துக் கொடுக்கட்டும், தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

சரி, வாங்கியே தீருவது என்று கடைக்குப் போனால்? லாவெண்டர் என்றதும் கத்தரிப்பூ நிறத்தை எடுத்துப் போடுவார் கடைக்காரர். அது அடர்த்தி. அடுத்து வெங்காயத்தோல் நிறம்; அது ரோஸ் பக்கம் சாயும். அழைப்பிதழில் இருக்கும் நிறத்தைக் காட்டலாம் என்றால் உங்கள் போனில் ஒரு மாதிரி, கணவர் போனில் வேறு மாதிரி. கடைசியில் சரியானது கிடைத்து, அதைக் கட்டிக்கொண்டு போய் நின்றால், மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் அது சாம்பலாகத் தெரியும். பிள்ளைகளுக்கு வாங்கியதோ அடுத்த பொங்கலுக்குள் குட்டையாகிவிடும். இதில் ஆண்களுக்கு மட்டும் எப்போதும் ஒரு விலக்கு உண்டு: வெள்ளைச் சட்டையில் வருகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ‘வாங்கித் தொலை’ என்று உங்கள் கணவர் அவ்வளவு சுலபமாகச் சொல்வது அந்தத் தைரியத்தில்தான்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். உங்கள் மாமியார் ஒதுங்கியது அப்படிப்பட்டதல்ல. காரணத்தை நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா என்றும் தெரியவில்லை. முட்டிவலியாகவே இருக்கலாம். ஆனால், அந்த வயதில் பலருக்கு வெளியே கட்டிக்கொண்டு போகிற புடவை நாலைந்துதான் இருக்கும். கணவரை இழந்தவர்கள் எத்தனையோ பேர் எது கட்டலாம், எது கூடாது என்று தங்களுக்குள்ளேயே ஒரு வரம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. அவர்களுக்கு ‘எல்லோரும் சிவப்பில் வாருங்கள்’ என்று அழைப்பு வந்தால், வராதே என்று சொன்னதாகத்தான் அர்த்தம். ‘எல்லோரும் வெள்ளை’ என்று வந்தால் அது இன்னும் சுருக்கென்று தைக்கும். கறுப்பு என்றாலோ, குழந்தையின் பிறந்தநாளுக்குக் கறுப்பா என்று பாதிப் பாட்டிகள் படியிறங்கவே மாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘நீங்கள் போய்விட்டு வாருங்கள்’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள். குழந்தையை மடியில் வாங்கி ஆசீர்வதிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்க, படம் மட்டும் ஒரே நிறத்தில் நன்றாக வந்திருக்கும்.

இப்போது உங்கள் நவராத்திரிக்கு வருகிறேன். அந்த நிறப் பட்டியலை ஏதோ ஆகமத்தில் உள்ளதுபோல் நினைக்கிறார்கள். இதை இவ்வளவு பெரிய வழக்கமாக்கியது மும்பையின் ‘மகாராஷ்டிரா டைம்ஸ்’ என்ற மராத்தி நாளிதழ், 2000-களின் தொடக்கத்தில். அன்றன்றைய நிறத்தில் உடுத்திய வாசகியரின் படங்களை வெளியிட்டது, பத்திரிகையும் விற்றது. (ஒரு பத்திரிகைக்காரனாக எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) திங்கள் என்றால் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, வியாழன் மஞ்சள், சனி சாம்பல் என்று கிழமையை வைத்துப் போட்ட கணக்கு. அம்பாள் கேட்டதல்ல.

உங்கள் அடுக்ககத்தில் யாரும் குறை சொன்னதில்லை என்கிறீர்கள். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இந்த நண்பரிடம் சொன்னீர்களா? எனக்கல்லவா எழுதியிருக்கிறீர்கள்! அதேபோல் உங்கள் அடுக்ககத்திலும் சாம்பல் நிறத்தில் புடவையில்லாத யாரோ ஒருவர் சனிக்கிழமை மட்டும் ‘தலைவலி’ என்று கதவைச் சாத்தியிருப்பார்.

அந்த நண்பரின் மனைவிக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள். ‘லாவெண்டர் எங்களிடம் இல்லை, இருப்பதில் வருகிறோம், அத்தையையும் கூட்டிவருகிறோம்.’ இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்காதீர்கள். பத்தில் ஒன்பது பேர், ‘அய்யோ, அதெல்லாம் சும்மா போட்டது, நீங்கள் வாருங்கள்’ என்றுதான் பதில் போடுவார்கள். பத்தாவது ஆள் முகத்தைத் தூக்கினால், குரூப் போட்டோ எடுக்கும்போது பந்திக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது.