அத்தானின் மணாலி விடுதிக்கு நான் கடன் வாங்கலாமா?

கேள்வி: தில்லியில் மத்திய அரசுப் பணியில் இருக்கிறேன். வயது 41. அக்காள் கணவர் மணாலியில் எட்டு அறை விடுதி ஒன்றை ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறார். நான் 15 லட்சம் கொடுத்தால் மாதம் 30,000 ரூபாய் ‘உறுதி வருமானம்’ தருவதாகச் சொல்கிறார். 12 சதவீத வட்டியில் தனிநபர் கடன் கிடைக்கும். முன்பு அவருடைய டாக்சிக்காக வாங்கிய கடனுக்கு இன்னும் மாதம் 9,000 நான்தான் கட்டுகிறேன். மறுத்தால் அக்கா வருந்துவாள்.

பதில்: வாங்காதீர்கள். அத்தான் ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுத்தாலும் உங்களுக்கு நட்டம்தான். ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 33,400. அறுபது மாதத்தில் 20 லட்சம் கட்டுவீர்கள். அவரிடமிருந்து வருவது 18 லட்சம். குத்தகை முடிந்ததும் விடுதி உரிமையாளருக்குப் போய்விடும். உங்களுக்கு ஒரு செங்கல்கூட மிஞ்சாது.

‘உறுதி’ என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்குப் பயம். மணாலியில் அறைகள் நிரம்புவது மே, ஜூன் மாதங்களிலும், பனி பார்க்க வரும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களிலும்தான். 2020-ல் அடல் சுரங்கம் திறந்ததால் இனி ஆண்டு முழுவதும் கூட்டம் என்று அத்தான் சொல்லியிருப்பார். அந்தச் சுரங்கம் மணாலிக்கு அப்பால் லாகுலுக்குப் போகும் வழி. தில்லியிலிருந்து வருகிறவர்கள் பியாஸ் ஆற்றை ஒட்டிய சாலையில்தான் ஏற வேண்டும். 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் வெள்ளம் அந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. வண்டி வராத வாரங்களில் வாடகையும் வராது; தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். இமாசலத்தின் 1972-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அம்மாநில விவசாயி அல்லாதவர்களுக்கு நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதன் 118-வது பிரிவு குத்தகையையும் பேசுகிறது. ஒப்பந்தத்தை, மணாலி இருக்கும் குல்லு மாவட்டத்து வழக்கறிஞர் யாராவது பார்த்தாரா என்றும் நீங்கள் எழுதவில்லை.

விடுதியைவிட என்னைக் கலங்கவைப்பது அந்த 9,000 ரூபாய். அவர் தொழில் தொடங்கும்போதெல்லாம் உங்கள் சம்பளச் சீட்டு வங்கிக்குப் போகிறது. இந்தக் கடனும் சேர்ந்தால் மாதம் 42,400. உங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

அக்காவிடம் நீங்களே நேரில் பேசுங்கள். அத்தான் மூலமாக அவர் கேள்விப்படக் கூடாது. டாக்சிக் கடனின் கணக்கு அறிக்கையைக் கையோடு எடுத்துப் போங்கள். இதுவரை கட்டியது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். கொடுத்தே ஆக வேண்டுமானால், திரும்பி வராவிட்டாலும் உங்களால் தாங்கக்கூடிய தொகையைச் சேமிப்பிலிருந்து கொடுங்கள், ஐம்பதாயிரம் போல. அதைக் கடன் என்று எழுதி வைக்காதீர்கள்.