குடியை நிறுத்தினால் பித்துப் பிடிக்குமா?

வியாசர்பாடியிலிருந்து போய்வரும் தூரத்தில், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒன்றைப் பேசியாக வேண்டும். கார்த்திகையில் மாலை போட்ட அன்றே உங்கள் கணவர் குடியை நிறுத்தினார். மறுநாள் காலை டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு உடலெல்லாம் வியர்த்து, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லி வெறும் சுவரை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். உங்களையே யார் என்று கேட்டார். விரதத்தில் ஏதோ குறை என்று மாமியார் மாலையைக் கழற்ற வைத்தார். மறுபடி குடிக்கத் தொடங்கியதும் அடங்கிவிட்டது. கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டால் மறுபடியும் பித்துப் பிடித்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம்.

அது பித்து அல்ல, தெய்வக் குற்றமும் அல்ல. தினமும் இரண்டு குவார்ட்டர், அதாவது 360 மில்லி, பல ஆண்டுகளாக உள்ளே போயிருக்கிறது. மது மூளையை மந்தப்படுத்தும். அதை ஈடுகட்ட மூளை தன் முறுக்கை ஏற்றிக்கொண்டே போகும். திடீரென்று மதுவை நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இடமும் ஆளும் மறக்கும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று இதற்குப் பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஒருமுறை வந்தவருக்கு, அடுத்த முறை சட்டென்று நிறுத்தும்போது மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவில் காட்டுங்கள். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் குடியிலிருந்து மீட்கும் வேலையைச் செய்துவருகிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை அளந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் உடல் தேறிவிடும். அந்த மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். அதை விழுங்கிவிட்டு அவர் குடித்தால் மூச்சே நின்றுபோகலாம்.

இடையில் எப்போதாவது வலிப்போ, உளறலோ, ஆள் அடையாளம் தெரியாத நிலையோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

சாம்பாரில் கலக்க ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கும் அந்த மணமற்ற பொடியை இன்றே குப்பையில் போடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று மாரடைப்பு வரை போகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து அது. அவருடைய ஸ்கேனில் வந்த முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரலை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்; குடி நின்றால் பெரும்பாலும் அதுவே சரியாகும். யூடியூப் சொல்லும் கல்லீரல் கஷாயம் எதுவும் தேவையில்லை.

இனி கூட்டம். 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச்சிகிச்சை மருத்துவரும் தங்கள் குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணை நின்றதில் பிறந்தது ஏ.ஏ. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் அங்கே நுழையத் தகுதி. கட்டணம் இல்லை. ஊர், தொழில், முழுப்பெயர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சர்ச் வளாகத்தில் நடக்கிறதே, மதம் மாற்றிவிடுவார்களோ என்கிறார் மாமியார். இடம் மட்டும்தான் அவர்களுடையது. ஐயப்பனைக் கும்பிடுகிறவர் ஐயப்பனையே கும்பிட்டுக்கொண்டு போகலாம். தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? உள்ளே இருக்கும் தெருக்காரரும் அதற்காகத்தானே வந்திருப்பார்!

பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று, போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள், டி.டி.கே.யிலும் ஸ்டான்லியிலும் ஆலோசகரைக் கேளுங்கள். தமிழில் நடக்கும் கூட்டமா, குடும்பத்தினரும் உட்காரலாமா என்று இரண்டையும் விசாரியுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போகட்டும். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. முதல் மூன்று மாதம் தினமும் போவது நல்லது. சம்பள நாளிலும் மாலை ஏழு மணிக்கும் மனம் டாஸ்மாக் பக்கம் இழுக்கும்போது, போன் செய்ய அங்கே ஒரு பழைய ஆள் கிடைப்பார். எங்கள் மாத்திரையால் அது முடியாது.

உங்களுக்கும் கூட்டம் உண்டு. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக நடப்பது, அல்-அனான் என்று பெயர். அவர் வர மறுத்தாலும் நீங்கள் போங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அம்மா.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, இதுவரை வலிப்பு வந்ததுண்டா, கார்த்திகையில் அந்த மூன்று நாளும் என்ன நடந்தது. அந்த எறும்பு விஷயத்தை மாமியார் எதிரில் சொல்லத் தயங்கினால், தாளை மட்டும் மருத்துவரிடம் நீட்டுங்கள்.