ஈரக்குலையும் மனதுருக்கமும்

அன்புள்ள ஐயா,

பைபிளில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசிய போதகர் ஒருவர், ‘மனதுருகி’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘குடல் புரண்டது’ என்றுதான் பொருள் என்றார். அந்த வினை தெய்வத்துக்கு மட்டுமே வரும், மனிதருக்கு வராது என்றும் சொன்னார். சரியா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதிக்கு அவர் எடுத்த கதையே பதில் சொல்லிவிடுகிறது. கள்ளர் அடித்துப் போட்டு வழியில் கிடந்தவனைக் கண்டு உருகியவன் சமாரியன், மனுஷன்தானே?

அந்த வினை ஸ்பிளாங்க்னிஸோமாய். ஸ்பிளாங்க்னா என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. பலி கொடுத்த மிருகத்தின் ஈரல், நுரையீரல், இருதயம் போன்றவற்றைக் கிரேக்கர்கள் அப்படிச் சொன்னார்கள். குடல் என்பதைவிட நம் ஈரக்குலைதான் பொருத்தம். கறிக்கடையில் கொத்தாகத் தொங்குமே, அது. யூதாஸ் விழுந்து வயிறு வெடித்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 1:18-லும் இதே பெயர்ச்சொல்தான்.

ஆனால் வேர்ச்சொல்லையே பிடித்துத் தொங்கக் கூடாது. பழைய யூத நூலான 2 மக்கபேயர் 6:8-ல் இந்த வினையின் செய்வினை வடிவத்துக்குப் பலியின் உள்ளுறுப்புகளைத் தின்பது என்று பொருள். இரக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

புதிய ஏற்பாட்டில் இந்த வினை 12 இடங்களில் வருகிறது. எல்லாமே மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றில்தான். 9 இடங்களில் இயேசுவைக் குறித்தது. மீதி மூன்றும் உவமைகள்: கடனை மன்னித்த எஜமான், சமாரியன், கெட்ட குமாரனின் தகப்பன். உவமையில் அவர்கள் கடவுளுக்கு அடையாளம் என்று போதகர் வாதாடலாம். எஜமானுக்கும் தகப்பனுக்கும் அது சரி. சமாரியன் கதை முடிவிலோ, கேள்வி கேட்ட நியாயசாஸ்திரியிடமே (யூத வேதச் சட்டம் கற்றவர்) ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்று இயேசு சொல்கிறார். மனிதனால் ஆகாததை அப்படிச் சொல்வாரா?

தமிழில் ‘மனதுருகி’ என்று போட்டதைச் சிலர் மழுப்பல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு ஈரக்குலை நடுங்குவது பயத்தில். வயிறு எரிந்தால் பாதி நேரம் பொறாமை. ‘ஈரக்குலை பதறி’ என்று எழுதியிருந்தால், சமாரியன் கள்ளருக்குப் பயந்துவிட்டான் என்றல்லவா படித்திருப்போம்? அப்புறம் அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியது, தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனது எதுவுமே ஒட்டாது.

போதகரிடம் இதைச் சொல்வதானால் ஆராதனை முடிந்து, தனியாகச் சொல்லுங்கள். சபை நடுவில் வேண்டாம்.